கட்-அவுட் வேகத்துக்குத் தமிழில் என்ன?

கொடைக்கானல் ஆசிரியை:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் காற்றாலை பற்றி இரண்டு பக்கத் தாள் தயாரிக்கிறேன். காலை எட்டரைக்கு ஜெராக்ஸ் கடையில் கொடுக்க வேண்டும். காற்று நொடிக்கு 3, 4 மீட்டரைத் தொட்டால் மின்சாரம் வரத் தொடங்கும். அதற்குத் 'தொடக்க வேகம்' என்று போட்டுவிட்டேன். 25 மீட்டரைத் தாண்டினால் இறக்கைகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி, எந்திரம் நின்றுவிடும். அந்தக் கட்-அவுட் வேகத்துக்கு என்ன சொல்? அப்படியே போர்டில் எழுதினேன். "யாருக்கு டீச்சர் கட்-அவுட்?" என்றது கடைசி பெஞ்ச். வகுப்பு அத்தோடு முடிந்தது.

பழனிப் புலவர்:
முதலில் 'காற்றாலை'யைத் திருத்துங்கள், 'வளியாலை'. கரிகாலனின் முன்னோனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறது புறநானூறு (66). 'வேகம்' வடசொல், 'விரைவு' போதும். ஆகவே, 'அடங்கு விரைவு'. 'ஆலை'யிலும் எனக்கு ஐயம் உண்டு. ஆலை கரும்பு பிழிவது. காற்றைப் பிழிய முடியுமா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
பிழியலாம் ஐயா, சக்கை மிஞ்சும். காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று 1919இலேயே ஜெர்மன் இயற்பியலாளர் பெட்ஸ் கணக்குப் போட்டுவிட்டார். முழுதும் பிழிந்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வருவதற்கு வழியிராது. என் ஓட்டு 'நிறுத்து வேகம்'.

உடுமலை மெக்கானிக்:
'வளியாலை'ன்னா எங்க பக்கம் வாயுத்தொல்லைக்கு மருந்து செய்யுற இடம்னு நினைப்பாங்க. எங்களுக்குக் காத்தாடிதான். 'அடங்கு'ம் வேண்டாம் ஐயா. காத்து அடங்கினாலும் காத்தாடி நிக்கும், மிஞ்சினாலும் நிக்கும், பையன் குழம்புவான். காத்து இரட்டிச்சா சக்தி எட்டு மடங்கு, அதான் நிறுத்துறோம். இன்னொண்ணு டீச்சர்: கரி இல்ல, புகை இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும்தான் சம்பாத்தியம். ஐப்பசியில கரண்ட் வேணும்னா காத்தைக் கூப்பிட முடியாது.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:
எங்கட புத்தகங்களில 'கதி' எண்டுதான் இருக்கு. 'நிறுத்தற்கதி' எண்டு போடலாமே?

கொடைக்கானல் ஆசிரியை:
இங்கே அதை அதோகதி ஆக்கிவிடுவார்கள் அண்ணா. வேறொரு பையன் நம் மலையில் ஏன் காத்தாடி வைக்கவில்லை என்றும் கேட்டான். ஐம்பது மீட்டர் இறக்கையை ஏற்றிய லாரி நம் கொண்டை ஊசி வளைவில் எப்படித் திரும்பும் என்று திருப்பிக் கேட்டேன். அது அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கலைச்சொல்தான் சிக்கல்.

பழனிப் புலவர்:
'நிறுத்து வேகம்' வினைத்தொகை. விரித்தால் 'நிறுத்தும் வேகம்'. பெயரெச்சம் கொள்ளும் பெயர் ஆறு என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். இதில் வேகம் எது? நிறுத்துவது எந்திரம், வேகம் அன்று.

உடுமலை மெக்கானிக்:
காலம்னு வச்சுக்குங்க ஐயா. மணி பதினொண்ணே முக்கால்.

கொடைக்கானல் ஆசிரியை:
'நிறுத்து வேகம்' ஐந்து ஓட்டு, 'அடங்கு விரைவு' ஒன்று, 'கதி' ஒன்று. 'நிறுத்து வேகம்' என்றே தட்டச்சு செய்துவிட்டேன். பக்கத்தில் 'கட்-அவுட்'டும் இருக்கும், மன்னிக்கவும்.

பழனிப் புலவர்:
காலம் என்று கொள்வதற்கில்லை. காலையில் விரிவாக எழுதுகிறேன்.