புதுப்பிப்பு: கடலில் ஒளுவும் கிப்லாவும்

வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) போகிறவர்கள் ஒளுவுக்கு, அதாவது தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவிச் சுத்தம் செய்வதற்கு, கேனில் நல்ல தண்ணீர் கொண்டு போக வேண்டும் என்று முன்பு எழுதியதைத் திருத்துகிறேன். அவசியமில்லை. கடல்நீர் சுத்தம் செய்யக்கூடியது என்று நபிமொழியே இருக்கிறது. கேனில் உள்ள நல்ல தண்ணீரைக் குடிக்க வையுங்கள்.

ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று). அதில் ஒளுவின் ஃபர்லு (கட்டாயக் கடமை) ஆறு: நிய்யத் (மனதில் எண்ணம் கொள்வது), முகம் கழுவுவது, முழங்கை வரை கை கழுவுவது, தலையில் கொஞ்சமாவது மஸ்ஹு (ஈரக்கையால் தடவுவது), கணுக்கால் வரை கால் கழுவுவது, இந்த வரிசை. தவறுவது வரிசையில்தான். வலை இழுக்கும்போதே கால் நனைந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். மஸ்ஹுக்குப் பிறகு காலை மறுபடி கழுவத்தான் வேண்டும். நக இடுக்கில் ஒட்டிய மீன் செதில், கையில் காய்ந்த பெயிண்ட், தார் எல்லாம் தண்ணீரைத் தடுக்கும். முதலில் சுரண்டி எடுங்கள்.

கிப்லா, அதாவது தொழும்போது நோக்கவேண்டிய மக்காவின் கஅபா திசை, நேர் மேற்கு அல்ல. இங்கிருந்து மேற்கிலிருந்து வடக்கே சுமார் 23 பாகை. திசைகாட்டியில் 293. வல்லம் திரும்பினால் தொழுகையிலேயே நீங்களும் கிப்லா பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். ஃபர்லு தொழுகையை நின்றே தொழவேண்டும்; அலையில் விழுந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் உட்கார்ந்து தொழலாம்.

கஸ்ரு (பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழுவது) பற்றிக் கேட்டவர்களுக்கு: போகும் தூரம் சுமார் 81 கிலோமீட்டர் இருக்கவேண்டும். காலையில் போய் மாலையில் கரை திரும்பும் கிட்டத்துத் தொழிலுக்கு அது பொருந்தாது.