பழைய ஒபிஸ் பிசியில் வீட்டு நாஸ்: ட்ரூநாஸா, ஓஎம்வியா, அன்ரெய்டா?

வெள்ளவத்தை_லான்:
வணக்கம். பழைய ஒபிஸ் டவர் ஒன்றை நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் பெட்டி) ஆக்கப் போகிறேன். ஐ5-6500, 8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி, மதர்போர்ட்டிலேயே ரியல்டெக் கிகாபிட் லான். டிஸ்க் மூன்று: சீகேட் அயர்ன்வுல்ஃப் 4 டிபி, சீகேட் பராகுடா 4 டிபி (எஸ்டி4000டிஎம்004), பழைய 2 டிபி. குடும்பப் படங்கள், மூன்று லேப்டொப்பின் பேக்கப், டிவியில் படம் பார்ப்பது, இவ்வளவுதான் தேவை. ட்ரூநாஸ், ஓஎம்வி (ஓபன்மீடியாவால்ட்), அன்ரெய்ட் என்ற நாஸ் ஓஎஸ்களில் எதைப் போடலாம்? மூன்றையும் சேர்த்து ரெய்ட்-இசட்1 (ட்ரூநாஸின் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில், ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும் முறை) போட்டால் இடம் கூடக் கிடைக்குமா?

டெபியன்_தெஹிவளை:
கிடைக்காது. ரெய்ட்-இசட்1 எல்லா டிஸ்க்கையும் ஆகச் சிறியதன் அளவில்தான் எடுக்கும். 2+2+2 டிபி, அதில் ஒரு 2 பாரிட்டிக்கு (செத்த டிஸ்க்கை மீட்க வைக்கும் தகவல்) போக மிச்சம் 4 டிபி. இரண்டு 4 டிபியை மட்டும் மிரர் (இரண்டிலும் ஒரே தரவு) போட்டாலும் அதே 4 டிபிதான். 2 டிபி சும்மா கையில் மிஞ்சும்.

ஆனால் உங்களிடம் ஓஎஸ்ஸைவிட டிஸ்க்தான் பிரச்சினை. அந்தப் பராகுடா எஸ்எம்ஆர் ரகம். தடங்கள் ஓடு அடுக்கினமாதிரி ஒன்றின்மேல் ஒன்று கிடப்பதால், நீண்ட நேரம் எழுதும்போது உள்ளே இருக்கும் கேஷ் நிரம்பி வேகம் சரிந்துவிடும். மிரரில் மற்ற டிஸ்க் செத்து ரீசில்வர் (புது டிஸ்க்குக்குத் தரவை மீள எழுதுவது) ஓடும் நேரத்தில் இது பதில் சொல்லத் தாமதித்தால், இதுவும் பழுது என்று இசட்எஃப்எஸ் கழற்றிவிடக்கூடும்.

இப்போது செலவழிக்க முடியாதென்றால் ரெய்டே வேண்டாம். ஓஎம்வி போடுங்கோ, அயர்ன்வுல்ஃபில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்), அதுதான் பிரதான டிஸ்க். பராகுடாவுக்கு இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் (மாறிய ஃபைல்களை மட்டும் கொப்பி பண்ணும் கருவி) கொப்பி. அழித்த ஃபைலை மிரர் அந்த நொடியே இரண்டு பக்கமும் அழிக்கும், இரவுக் கொப்பியில் அது இருக்கும்.

நிறுவும்போது எஸ்எஸ்டியைத் தவிர எல்லா டிஸ்க்கின் சாட்டா கேபிளையும் கழற்றி வையுங்கோ. இன்ஸ்டோலர் தெரிவு செய்த டிஸ்க்கை முழுசாக அழிக்கும், தவறி 4 டிபியை அமத்தினால் கதை முடிந்தது. எஸ்எஸ்டியின் மிச்ச இடமும் வேண்டுமென்றால் முதலில் டெபியனை (ஓஎம்விக்கு அடியில் இருக்கும் லினக்ஸ்) டெஸ்க்டொப் இல்லாமல் சின்னப் பார்ட்டிஷனில் போட்டு, அதன்மேல் ஓஎம்வியை ஏற்றலாம். டெஸ்க்டொப் சூழல் இருந்தால் ஓஎம்வி ஏறாது.

அன்ரெய்ட் கலப்பு அளவு டிஸ்க்குக்கு நல்லதுதான். ஆனால் காசு: 2024இல் மாற்றிய உரிமத் திட்டத்தில் ஸ்டார்ட்டர் அப்போது 49 டொலர், 6 டிஸ்க் வரை, ஒரு வருட அப்டேட். இந்த வேலைக்கு அவ்வளவு தேவையில்லை.

வெள்ளவத்தை_லான்:
நன்றி அண்ணா. ஆர்சிங்கில் அழித்தது மறுநாள் பராகுடாவிலும் அழியாதா? இன்னொரு அயர்ன்வுல்ஃப் வாங்கினால் பதில் மாறுமா?

பூல்_கொட்டாஞ்சேனை:
டிலீட் தெரிவை அணைத்தால் அழியாது, ஆனால் நாளடைவில் குப்பை சேரும். ஓஎம்வி-எக்ஸ்ட்ராஸில் (கூடுதல் பிளக்இன் தொகுப்பு) போர்க்பேக்கப் என்ற பேக்கப் பிளக்இன் இருக்கு. தினக் கொப்பி 7, வாரம் 4, மாதம் 6 என்று வையுங்க. மாறிய துண்டுகள் மட்டும்தான் இடம் பிடிக்கும்.

இரண்டாவது அயர்ன்வுல்ஃப் வந்தால் நான் ட்ரூநாஸ் பக்கம். இசட்எஃப்எஸ் மிரர் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்திருக்கும், எந்தக் கொப்பி கெட்டது என்று தெரிந்து தானே திருத்தும். எக்ஸ்ட்4 போட்ட சாதாரண மிரருக்கு அது தெரியாது. 8 ஜிபி ரேம் குறைந்தபட்ச அளவு, ஷேர் மட்டும் என்றால் ஓடும். ஜெலிஃபின் போன்ற வீடியோ அப் ஏற்றினால் 16 ஆக்குங்க. 1 டிபிக்கு 1 ஜிபி என்ற பழைய கணக்கை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம், ரேமை விழுங்குவது டீடூப் (ஒரே துண்டு பலமுறை இருந்தால் ஒன்றாக்கும் வசதி), அதைத் தொடவே வேண்டாம்.

ட்ரூநாஸ் கோர் என்ற பழைய ரகத்தைக் காட்டும் வீடியோக்களை விடுங்க. அது லினக்ஸ் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு ஓஎஸ், ரியல்டெக் லானோடு சண்டை. இப்போதைய ட்ரூநாஸ் டெபியன் மேல்தான் நிற்கிறது. ஒரு குறை: பூட் எஸ்எஸ்டியை முழுசாகப் பிடித்துக்கொள்ளும், ஷேருக்குத் தராது. அப்டேட்டுக்குப் பிறகு பூலை (டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பை) அப்கிரேட் செய்யச் சொல்லும், உடனே அமத்த வேண்டாம். அமத்தினால் பழைய பதிப்புக்குத் திரும்பும்போது பூல் திறக்காமல் போகலாம்.

டெபியன்_தெஹிவளை:
இதில் மறுப்பில்லை. எதைப் போட்டாலும் யுபிஎஸ் முக்கியம். யுனிட்டி பிளாசாவில் வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கோ, பிரிண்டரில் இருப்பது போன்ற சதுர யுஎஸ்பி துளை இருக்கவேணும். டெலிபோன் துளை மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் மின்னல் பாதுகாப்புக்கு, கரண்ட் போனதை சேர்வருக்குச் சொல்லாது. ஓஎம்வியில் யுபிஎஸ்ஸைக் கவனிக்க நட் பிளக்இன், ட்ரூநாஸில் யுபிஎஸ் சேவை உள்ளேயே இருக்கு. பற்றரி குறையும்வரை காத்திருக்க விடாதீர்கள், 2 நிமிடத்தில் ஷட்டவுன் என்று வையுங்கோ. பழைய பற்றரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே படுத்துவிடும்.

பழைய 2 டிபியைச் சேர்க்கமுன் ஸ்மார்ட் (டிஸ்க்கின் உடல்நிலை) அறிக்கை பாருங்கோ. அதில் 5, 197, 198 ஆம் வரிகள் (கெட்ட இடங்களின் கணக்கு) மூன்றும் பூச்சியம் இல்லையென்றால் தூக்கி வையுங்கோ. 199 மட்டும் ஏறுகிறதென்றால் டிஸ்க் அல்ல, சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கோ. ஒபிஸ் டவரில் சாட்டா பவர் இணைப்பு பத்தாது. அதற்காக அச்சில் வார்த்த மலிவு மோலெக்ஸ்-சாட்டா அடாப்டர் வாங்காதீர்கள், அது சூடேறிக் கருகும். கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ரகம் கேளுங்கோ.

கரண்ட் செலவு: 35 வாட் நாள் முழுக்க ஓடினால் மாதம் 25 யூனிட். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால் இந்த 25உம் உங்கள் பில்லின் ஆக உயர்ந்த படியில்தான் விழும். லேப்டொப் பேக்கப்பை மாலை 6 முதல் 10 வரை ஓடவிட்டு, சேர்வரை இரவுக் கொப்பி முடிந்ததும் தானே அணையவும், பயோஸில் ஆர்டிசி (மதர்போர்ட் கடிகாரம்) நேரம் வைத்து மாலையில் எழும்பவும் செய்தால் பாதிக்குக் கீழே வரும்.