சைபர்டைன் விஷயத்தில் குற்றம் யார் மேல்?

பரிதி:
1991-இல் வந்த டெர்மினேட்டர் 2 படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் மனிதகுலத்தையே அழிக்கக் கிளம்பும் ராணுவக் கணினியான ஸ்கைநெட்டைத்தான் திட்டுகிறார்கள். அதை உருவாக்கிய சைபர்டைன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. எதிர்காலத்திலிருந்து வந்து நசுங்கிப்போன இயந்திரத்தின் கணினிச் சில்லும் இரும்புக் கையும் அவர்களுடைய பெட்டகத்தில் இருக்கின்றன. இரண்டு சாவிகளை ஒரே நேரத்தில் திருப்பினால்தான் அது திறக்கும். இவ்வளவு காவல் போட்டவர்கள், இது எங்கிருந்து வந்தது என்று பொறியாளர் மைல்ஸ் டைசன் கேட்டபோது, கேட்காதே என்று வாயை அடைத்துவிட்டார்கள். பிறப்பிடமே சொல்ல முடியாத பொருளிலிருந்து ராணுவத்துக்குக் கணினி செய்து விற்றவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முத்துவேல்:
எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? படத்திலேயே வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் குண்டுவீச்சு விமானங்களில் சைபர்டைன் கணினிகள் ஏறுகின்றன. விமானிகள் இறங்குகிறார்கள். ஒரு பிழைகூட நேரவில்லை. அந்த நம்பிக்கையில் ஸ்கைநெட்டுக்கு நிதி ஒதுக்கும் மசோதா நிறைவேறுகிறது. 1997 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கி, 29 அன்று அதற்குத் தன்னுணர்வு வந்துவிடுகிறது. மனிதனின் முடிவு வேண்டாம் என்று தீர்மானித்தது அரசு. நிறுவனம் கேட்டதைச் செய்து கொடுத்தது, அவ்வளவுதான். இந்த எதிர்காலத்தைச் சொல்லித் தடுக்க வந்தவர்களிடம், இன்னும் செய்யாத குற்றத்துக்கு என்னைத் தண்டிக்கிறீர்களே என்று டைசன் கேட்பதில் நியாயம் இல்லையா?

பரிதி:
அந்தப் பழமொழி இங்கே பொருந்தாது ஐயா. இங்கே அம்பே குறி பார்க்கிறது, அம்பே எய்கிறது. 1983 செப்டம்பர் 26 இரவை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கா 5 ஏவுகணைகளை ஏவிவிட்டதாக சோவியத் எச்சரிக்கைக் கணினி காட்டியது. ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி அதை நம்ப மறுத்தார். மேகங்களின் மேல் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது. அந்த நாற்காலியைக் காலி செய்யும் சரக்கைத்தான் சைபர்டைன் விற்றது.

முத்துவேல்:
நாற்காலியில் மனிதன் இருந்தும் 290 பேர் செத்தார்களே! 1988 ஜூலை 3, ஈரான் பயணிகள் விமானம். அது மேலே ஏறுகிறது என்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸின் கணினி சரியாகத்தான் பதிவு செய்தது. தங்களை நோக்கி இறங்குகிறது என்று பதற்றத்தில் நம்பிச் சுட்டவர்கள் மனிதர்கள். இயந்திரத்தை மட்டும் பேயாக்காதீர்கள்.

கயல்:
அண்ணன்மார் இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஜப்பானின் ட்சுகுபாவில் உண்மையாகவே சைபர்டைன் என்ற நிறுவனம் 2004 முதல் இயங்குகிறது. பேராசிரியர் யோஷியுகி சங்காய் தொடங்கியது. தோலின் மேல் எழும் மெல்லிய மின் சமிக்ஞையைப் படித்து, நடக்க முடியாதவர்களின் காலைத் தூக்கிவிடும் உடற்கவசம் செய்கிறார்கள். இதே கவசத்தை ஒரு சிப்பாய்க்கும் மாட்டிவிடலாம். அது நடக்கக் கூடாது என்பதற்காக, பங்குச் சந்தைக்கு வந்தபோதே கூடுதல் வாக்குரிமை உள்ள பங்குகளை நிறுவனர் தன் பக்கம் வைத்துக்கொண்டார். தயாரிப்பவரால் மறுக்க முடியும்.

முத்துவேல்:
சங்காய் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒருவர் மறுத்தால் அரசு அடுத்த கதவைத் தட்டும். டைசன் வேலையை விட்டிருந்தாலும் அந்தச் சில்லு பெட்டகத்தில்தானே இருந்திருக்கும்?

பரிதி:
அதனால்தான் டைசன் வேலையை விடுவதோடு நிற்கவில்லை. தன் உழைப்பு முழுவதையும் கொளுத்தத் துணிந்து, தடுக்க வந்தவர்களை ஆய்வுக்கூடத்துக்கு அவரே அழைத்துப் போனார். குண்டடி பட்டுக் கிடந்தபோது குண்டை வெடிக்கவைக்கும் விசைக்கு மேலே ஒரு கனமான பொருளைக் கையில் தாங்கிப் பிடித்திருந்தார். மூச்சு ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தது. தன்னைச் சுட்ட போலீஸார் ஓடி வெளியேறும்வரை அந்தக் கை கீழே இறங்கவில்லை.