ஓபன்டிரிப்பிளானர்: வரைபடம் வருகிறது, பஸ் மட்டும் வரவில்லை. உதவி தேவை

தடந்தேடி:
அவசரம். சொந்தக் கணினியில் ஓபன்டிரிப்பிளானர் (பஸ், நடை என்று பயண வழி தேடித் தரும் மென்பொருள்) நிறுவியிருக்கிறேன். சர்வர் ஓடுகிறது. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8080 போட்டால் வரைபடமும் திறக்கிறது. ஆனால் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் குறித்தால் நடந்து போகும் வழியை மட்டும் காட்டுகிறது. பஸ் ஒன்றுகூட இல்லை. வழிகாட்டியில் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். நாளைக் காலை ஒரு கூட்டத்தில் இதைக் காட்டியாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

குறிஞ்சி:
எந்தப் பதிப்பு? அதை ஓட்டும் ஜாவா எந்தப் பதிப்பு? கால அட்டவணைக் கோப்பு எப்போது எடுத்தது? சர்வரை எந்தக் கட்டளையால் தொடங்குகிறீர்கள்? இவற்றைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

கட்டளைவரி:
ஜாவாதான் காரணம். புதிய பதிப்புகளுக்குக் குறைந்தது ஜாவா 21 வேண்டும். 17ஐ வைத்துக்கொண்டு ஓட்டினால் இப்படித்தான் ஆகும்.

குறிஞ்சி:
ஜாவா பழையதாக இருந்தால் கிளாஸ் கோப்பின் பதிப்பு 65 என்று ஒரு பிழையைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். இவருக்கு வரைபடம்வரை வந்துவிட்டதே.

கட்டளைவரி:
அப்படியானால் நினைவகம். எக்ஸ்எம்எக்ஸ் அளவை, அதாவது ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகத்தின் உச்ச அளவை, கூட்டிப் பாருங்கள். ஒரு நாட்டின் முழு வரைபடத்தையும் ஏற்றினால் 2 ஜிபி எந்த மூலைக்கு?

பழந்தடம்:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்கள் சர்வர் நிறுவ இறங்கக் கூடாது. லாக் (சர்வர் எழுதிவைக்கும் பதிவு) இல்லாமல் கேட்பது, நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வைத்தியரிடம் மருந்து கேட்பதைப் போன்றது. இருந்தாலும் சொல்கிறேன். கால அட்டவணை ஜிப் கோப்பின் பெயரில் ஜிடிஎஃப்எஸ் (பொதுப் போக்குவரத்து அட்டவணைக்கான கோப்பு வடிவம்) என்ற எழுத்துகள் இருக்க வேண்டும், இல்லையென்றால் மென்பொருள் அதைத் திரும்பியே பார்க்காது. ஜிப்பைத் திறந்ததும் கோப்புகள் நேராகத் தெரிய வேண்டும். உள்ளே ஒரு கோப்புறை, அதற்குள் கோப்புகள் என்று இருக்கக் கூடாது. தொடக்க நிலையில் இருப்பவர்கள் தவறுவது இந்த இரண்டிலும்தான்.

தடந்தேடி:
பதிப்பு 2.6, ஜாவா 21, எக்ஸ்எம்எக்ஸ் 4 ஜிபி. ஜிப்பின் பெயர் சரி, உள்ளே கோப்புறையும் இல்லை. லாக்கில் பிழை என்று எதுவும் வரவில்லை.

ஆழிவரை:
லாக்கில் பிழை இல்லாமலே இது நடக்கும். சாலைத் தரவு உள்ள ஓபன்ஸ்ட்ரீட்மேப் கோப்பை ஆஸ்மியம் என்ற கருவியை வைத்து வெட்டி எடுத்தீர்களா? வெட்டும் பகுதியைக் குறிக்கும் எல்லைப் பெட்டிக்கு மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்ற வரிசையில் எண்கள் தர வேண்டும். பெட்டி தவறான இடத்தில் விழுந்தால் நிறுத்தம் ஒரு பக்கம், சாலை ஒரு பக்கம் என்று கிடக்கும். சாலையோடு இணையாத நிறுத்தத்துக்கு யாராலும் நடந்து போக முடியாது, அதனால் பஸ்ஸும் வராது. அட்டவணைக் கோப்பிலேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருப்பதும் உண்டு. நிறுத்தங்களின் அடுக்கை இயக்கி, புள்ளிகள் சாலை ஓரமாகத் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

தடந்தேடி:
புள்ளிகள் எல்லாம் சாலை ஓரமாகத்தான் இருக்கின்றன. ஜிப்பில் நிறுத்த நேரங்கள் உள்ள ஸ்டாப் டைம்ஸ் கோப்பில் ஒரு தடத்தின் நேரங்கள் இவை, பாருங்கள்:
23:52:00
24:06:00
25:10:00

கட்டளைவரி:
கண்டுபிடித்தாயிற்று. 25 மணி என்று ஒரு நேரம் உண்டா? அதை 01:10:00 என்று திருத்துங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

இரவுப்பேருந்து:
தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்! ஜிடிஎஃப்எஸ் விதிப்படி அது சரியான நேரம். முந்தைய இரவு கிளம்பிய பஸ் நள்ளிரவைத் தாண்டி ஓடினால் மணியை 24, 25 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். 01:10 என்று மாற்றினால் 24:06க்கு ஒரு நிறுத்தத்தை விட்ட பஸ், அதற்கு முன்பே அடுத்த நிறுத்தத்துக்கு வந்துவிட்டதாக ஆகிவிடும்.

கட்டளைவரி:
தேதியைச் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் எதற்கு? பயணியிடம் 25 மணி பஸ் என்று சொன்னால் சிரிப்பான்.

இரவுப்பேருந்து:
பயணிக்கு உலாவி 1.10 என்றுதான் காட்டும். கோப்பு பணிநாள் கணக்கில் இருக்கிறது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அது முந்தைய நாள் பணி; சனி இரவு கிளம்பியது என்றால் அது சனிக்கிழமை அட்டவணைப்படி ஓடும் பஸ். தேதியைச் சேர்த்து எழுதினால் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். இன்னொன்று. இந்த நேரங்கள் நள்ளிரவிலிருந்து எண்ணப்படுவதில்லை. நண்பகலிலிருந்து 12 மணி நேரம் பின்னால் போய், அங்கிருந்து எண்ண வேண்டும் என்பது விதி. கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் கடிகாரம் மாறும் இரவில் இந்த இரண்டுக்கும் ஒரு மணி வித்தியாசம் வரும். யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கடைசி பஸ்ஸை நம்பி நிற்பவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

பழந்தடம்:
விதி ஆவணத்தைப் படிக்காதவர்கள் விதியைத் திருத்த வருவது இங்கே வழக்கமாகிவிட்டது.

கட்டளைவரி:
ஐயா, நான் பல ஆண்டுகளாகச் சர்வர் பார்க்கிறேன். கேள்வி கேட்பதே குற்றமா? புதியவர்கள் இங்கே வராமல் போவது இந்தத் தொனியால்தான்.

குறிஞ்சி:
இருவரும் தனி இழை தொடங்கிப் பேசுங்கள். தடந்தேடி, நான் முதலில் கேட்டதில் ஒன்றுக்கு இன்னும் பதில் இல்லை. அட்டவணைக் கோப்பு எப்போது எடுத்தது? ஜிப்பில் கேலண்டர் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ஒவ்வொரு சேவைக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் எட்டு இலக்கமாக இருக்கும்: ஆண்டு, மாதம், நாள். 20250331 என்று முடிந்தால் ஏப்ரல் 1 முதல் அந்தச் சேவை இல்லை என்று பொருள். சர்வர் பொய் சொல்லவில்லை, இன்றைக்கு பஸ் இல்லை என்றுதான் சொல்கிறது. உலாவியில் தேதிப் பெட்டி இன்றைய தேதியோடுதான் திறக்கும். அதைக் கோப்பின் தேதிகளுக்குள் வரும் ஒரு வேலை நாளுக்கு மாற்றித் தேடிப் பாருங்கள். கேலண்டர் கோப்பே இல்லையென்றால் கேலண்டர் டேட்ஸ் கோப்பைப் பாருங்கள், சிலர் எல்லாத் தேதிகளையும் அதிலேயே எழுதிவிடுவார்கள்.

ஆழிவரை:
தேதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் பெட்டியின் எண்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தடந்தேடி:
முடிவுத் தேதி போன மாதம். கோப்பில் அதை அடுத்த ஆண்டுக்கு மாற்றிச் சேமித்துவிட்டு, சர்வரை நிறுத்தித் தொடங்கினேன். இன்னும் பஸ் வரவில்லை.

குறிஞ்சி:
தொடங்கும் கட்டளையில் லோட் என்று இருக்கிறதா, பில்ட் என்று இருக்கிறதா? லோட் என்றால் சாலையையும் அட்டவணையையும் சேர்த்து முன்பு கட்டிச் சேமித்த கிராஃப் கோப்பைத்தான் எடுக்கும், நீங்கள் ஜிப்பில் செய்த திருத்தம் அதற்குத் தெரியாது. பில்ட், சேவ் இரண்டும் போட்டு மறுபடி கட்டுங்கள். அதோடு, தேதியை நீட்டுவது சோதித்துப் பார்க்க மட்டும்தான். கூட்டத்தில் காட்டுவதற்குப் புதிய அட்டவணையை எடுங்கள். ஓடாத பஸ்ஸை ஓடுவதாகக் காட்டினால் அதை நம்பி ஒருவர் நிறுத்தத்தில் நிற்பார்.

இரவுப்பேருந்து:
இதை நானும் வழிமொழிகிறேன். பழைய அட்டவணை, அட்டவணையே இல்லாததைவிட மோசம்.

தடந்தேடி:
வந்துவிட்டது. மிக்க நன்றி.

ஆழிவரை:
எது வேலை செய்தது? மறுபடி கட்டியதா, தேதியை மாற்றித் தேடியதா, புதிய கோப்பா? எனக்கும் இதே சிக்கல்தான், ஆனால் என் கோப்பின் தேதி சரியாகத்தான் இருக்கிறது.

குறிஞ்சி:
ஆழிவரை, உங்கள் பதிப்பையும் தொடங்கும் கட்டளையையும் இங்கே போடுங்கள்.