ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பிரிண்ட்டுக்கு எப்படி ஃப்ரேம் போடறது?

காட்பாடிக்காரன்: பாரிஸ் சுவத்துல எல்லாம் டைல்ஸ் ஒட்டுவாரே இன்வேடர், 1978ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம் உருவத்த வெச்சு, அதே ஸ்டைல்ல வேற ஒரு ஆர்ட்டிஸ்ட்டோட ஸ்க்ரீன் பிரிண்ட் வாங்கிட்டேன், பென்சில்ல 37/150ன்னு நம்பர் போட்டிருக்கு, அதாவது மொத்தம் 150 காப்பில இது 37வது. நம்ம ஊரு வெயிலுக்கு கலர் போயிடுமா?

சத்துவாச்சாரி பேக்மேன்: லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க ப்ரோ. என்னோடத ஒரு கடைல குடுத்தேன், அவரு நல்லது பண்றதா நெனச்சு ஓரத்த நம்பர் கையெழுத்தோட சேத்து வெட்டி பளபளன்னு லேமினேட் பண்ணிட்டாரு, இப்ப அது வெறும் போஸ்டர் 😭

பழைய ஜாய்ஸ்டிக்: ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு (ஃப்ரேமுக்குள்ள பிரிண்ட்டோட வைக்கிற அட்டை) கேளுங்க, கண்ணாடி பிரிண்ட்ட தொடவே கூடாது, ஈரத்துல ஒட்டிக்கும். வெயிலோட யூவி கதிர தடுக்கிற கண்ணாடி போட்டாலும் மேற்கு வெயில் அடிக்கிற சுவத்துல மாட்டாதீங்க.

காட்பாடிக்காரன்: எங்க ஹால்ல இருக்கறதே அந்த ஒரு சுவருதான்ணே!