சோலார் பம்ப் யாருடைய பெயரில்?

மாதர் சங்கம், மணற்தோட்டக் குழு

தலைவி (மாலை 6:40)
வணக்கம் சகோதரிகளே. ஆறு தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு சோலார் பம்ப் தருவதற்கு முன்வந்திருக்கும் நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் நாம் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். இங்கு எழுதப்படுவதையே கூட்டக் குறிப்பேட்டில் பதியவிருப்பதால், குரல் பதிவு அனுப்பாமல் எழுத்திலேயே உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பொருளாளர் அக்கா (6:52)
பம்ப் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானபோது, கத்தரியும் பயிற்றையும் காய்த்து நின்ற நேரத்தில் தண்ணீர் இறைக்கும் மெசினை நிறுத்திவிட்டு வாளியால் அள்ளி ஊற்றியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில்தான் நமக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். வெயிலும் அப்போதுதான் தாராளமாக இருக்கிறது. நான் கேட்க விரும்புவது, இந்தப் பம்ப் யாருடைய பெயரில் பதியப்படும் என்பதைத்தான்.

செயலாளர் தங்கச்சி (7:05)
அக்கா, படிவத்தில் விவசாயியின் பெயர், கமநல சேவை நிலையப் (விவசாயிகளைப் பதியும் அரசாங்க அலுவலகம்) பதிவிலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாக எழுதப்படுவதால், கிணறு பெரும்பாலும் நம்முடைய பெயரில்தான் இருக்கிறது. ஆனால் விதை போட்டு, களை பிடுங்கி, காய் ஆய்ந்து சந்தைக்கு அனுப்புகிற நம்மில் பலருடைய பெயர் பதிவேட்டில் இல்லை. கணவன்மாருடைய பெயரே இருக்கிறது. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கொடுக்கப்படுகிற தொலைபேசி இலக்கமும் அவர்களுடையதாக இருப்பதால், வெளிநாட்டில் வேலை செய்கிறவருக்குப் போன பயிற்சி அழைப்பு நம்மிடம் வந்து சேர்வதற்குள் பயிற்சியே முடிந்துவிடுகிறது.

வடக்கு வளவு மாமி (7:21)
அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறேன். "என்னிடம் இருப்பது பட்டன் போன். ஆப் மூலம் பம்பை இயக்கலாம் என்று அன்று வந்த தம்பி சொன்னார். அந்த ஆப் ஆங்கிலத்தில் இருக்கிறது. கையால் போடவும் நிறுத்தவும் ஒரு சுவிட்ச் இருந்தால் எனக்குப் போதும். பயிருக்கு நோய் கண்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு இந்தப் போனிலேயே பேசிக்கொள்வேன்."

தெற்குத் தோட்டத்து மச்சாள் (7:30)
பழுது பார்ப்பதைப் பற்றியும் பதிலில் எழுத வேண்டும். என் தங்கச்சியின் ஊரில் கொடுக்கப்பட்ட பம்பை இயக்கும் கன்ட்ரோலர் பழுதானபோது, அதைத் திருத்தக் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள். ஆள் வரவேயில்லை, அந்தச் சிறுபோகம் (வெயில்காலப் பயிர்ச்செய்கை) முழுவதும் சோலார் தகடுகள் வெறுமனே வெயிலில் கிடந்தன.

விவசாய டிப்ளோமா மகள் (7:58)
எல்லோருக்கும் வணக்கம். வயதில் சிறியவளானாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்முடைய மணலுக்குக் கீழே இருக்கும் நன்னீர் மாரி மழையால் ஊறுவது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருப்பதால், அது பாரமான உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. மண்ணெண்ணெய்க்குக் காசு போனவரை, போதும் என்று கண்டவுடன் மெசினை நிறுத்தினோம். வெயிலுக்குக் காசில்லை என்பதால், காலை முதல் மாலை வரை பம்ப் ஓடினாலும் யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. அப்படி இறைத்தால் நன்னீர்ப்படை மெலிந்து, கீழே இருக்கும் உவர் கிணற்றுக்குள் ஏறும். முதலில் பயிற்றையின் இலை ஓரம் கருகும், வெங்காயம் திரளாது. உவர் ஏறிய கிணறு தெளிவதற்கு எத்தனை மாரி வேண்டுமோ தெரியாது.

ஆகவே பெரிய பம்ப் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லி, சிறிய பம்ப், உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி, தாங்கி நிரம்பியதும் தானாக நிறுத்தும் மிதவை சுவிட்ச், சொட்டு நீர்க் குழாய் ஆகியவற்றைக் கேட்போம். பற்றரி தேவையில்லை, தாங்கியில் நிற்கிற தண்ணீரே மாலைக்கும் உதவும். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஹோஸால் ஒரேயடியாக விட்டால் அது வேரைக் கடந்து கீழே இறங்கி, போட்ட யூரியாவையும் கிணற்றுக்கே கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

பொருளாளர் அக்கா (8:10)
மகள், சொட்டுக் குழாயின் துளைகள் அடைபடாதா?

விவசாய டிப்ளோமா மகள் (8:14)
அடைபடும், மாமி. வடிகட்டியை அடிக்கடி கழுவி, குழாயின் கடைசி மூடியைத் திறந்து ஊத்தையை வெளியேற்ற வேண்டும். நாமே செய்யக்கூடிய வேலை அது. தகட்டில் படிகிற தூசியையும் காக்கை எச்சத்தையும் வெயில் ஏறுவதற்கு முன் துணியால் கழுவிவிடலாம்.

தலைவி (8:32)
அப்படியானால், பம்ப் சங்கத்தின் பெயரில் பதியப்பட வேண்டும், தொடர்பு இலக்கங்களாகத் தலைவியினதும் செயலாளரினதும் இலக்கங்கள் இருக்க வேண்டும், கையால் இயக்கும் சுவிட்ச் இருக்க வேண்டும், நம்மில் இருவருக்குத் தமிழில் திருத்தப் பயிற்சி தந்து, உதிரிப்பாகங்கள் மட்டக்களப்பிலேயே கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று செயலாளர் கடிதம் எழுதட்டும். இறைக்கும் நேரத்தை மாதாந்தக் கூட்டத்தில் தோட்டவாரியாக நாமே தீர்மானிப்போம். இன்னும் கமநல சேவை நிலையத்தில் பெயர் பதியாதவர்கள் அடையாள அட்டைப் பிரதியையும் காணி உறுதிப் பிரதியையும் நாளை என்னிடம் தாருங்கள். பயிற்சிக்கு யார் போகிறீர்கள்?

வடக்கு வளவு மாமி (8:41)
மகள் எழுதுகிறேன். அம்மாவின் பெயரைப் போடுங்கள். பழைய மெசினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டித் திரும்ப மாட்டுகிறவர் எங்கள் வீட்டில் அவர்தான்.