மார்ச், ஏப்ரலில் பறவை பார்க்கக் கூட்டிப் போகிறவர்கள் யாராவது உண்டா?

நாகர்கோவில் பக்கம் குழுவாக, விவரம் தெரிந்த ஒருவரோடு நடந்து பறவை பார்க்க வழி இருந்தால் சொல்லுங்க மக்களே. டிசம்பர், ஜனவரியில் தேரூர் குளத்துக்கு வர ஆள் கிடைக்கிறது, ஆனால் எனக்கு வேண்டியது வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும் இந்த மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான், ஏனென்றால் குளிர்காலம் முழுக்க சாம்பல் நிறத்தில் ஒன்றுபோலத் தெரியும் உள்ளான்களில் (நீர்க்கரையில் இரை தேடும் பறவைகள்) பல, கிளம்பும் முன் இனப்பெருக்க கால நிறத்துக்கு மாறத் தொடங்கும். வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறமாகிக்கொண்டே சைபீரியாவுக்குப் புறப்படுகிறது! அதை நம்ம மணக்குடிக் கழிமுகத்திலும் புத்தளம் உப்பளத்திலும் நின்று பார்க்கலாம் என்பது இங்கே நிறைய பேருக்குத் தெரியாது.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, அதற்கேற்ப நம்ம பிள்ளைகளும் பார்க்க வேண்டாமா?

உப்பள வரப்பில் நடக்க யாரிடம் அனுமதி கேட்கணும்? மணக்குடிக்கு கடல் ஏற்றத்தில் போவதா, வற்றத்திலா? அப்புறம் ஸ்டாண்டில் வைக்கும் பெரிய தொலைநோக்கி இருப்பவர் ஒருவர் வந்தால் போதும், சின்ன பைனாகுலரில் உப்புக்கொத்திகளை (இன்னொரு வகைக் கரைப்பறவைகள்) பிரித்தறிய முடியவில்லை. ஞாயிறு காலை ஆறு மணி என்றால் பள்ளிப் பிள்ளைகள் சிலரையும் கூட்டி வருவேன், வர முடிந்தவர்கள் கீழே சொல்லுங்க.